கற்பூர மரத்தின் தாய்வீட்டில் நான்கு நாள்

அக்டோபர் 10, 2023, செவ்வாய்: மெல்பர்னிலிருந்து ஹால்ஸ் கேப்

மெல்பர்னில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. "அம்மா, நீ பார்த்ததெல்லாம் கடைத்தெருவும் கோயிலும்தான். ஒரு மலையாவது காட்டிக் கூட்டிட்டு வரேன்" என்று மகள் லீவு போட்டாள். மலையில் பிறந்து மலையிலேயே வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கோத்தகிரிக்காரிக்கு எதற்கு இன்னொரு மலை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் கிளம்பிவிட்டோம். நான், மகள், மாப்பிள்ளை, ஆறு வயதுப் பேத்தி. கூடவே ஒரு பெரிய டப்பா நிறைய எலுமிச்சை சாதம்.

மெல்பர்னுக்கு வடமேற்கே சுமார் 250 கிலோமீட்டரில் கிராம்பியன்ஸ் மலைத்தொடர். அங்குள்ள பழங்குடிகளான ஜாப் வுரங், ஜார்ட்வாஜலி மக்களுக்கு அது காரிவெர்ட். 1836-இல் மேஜர் மிட்செல் என்ற நில அளவையாளர் வந்து ஸ்காட்லாந்து மலை ஒன்றின் பெயரை வைத்துவிட்டுப் போனார். இப்போது பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கின்றன.

பல்லாரட் தாண்டியதும் வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் கனோலா வயல் வந்தது. கடுகுச் செடியின் உறவு அது. பூ உதிரத் தொடங்கியிருந்தாலும் கண் கூசும் மஞ்சள். மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். இறங்கியதும் குளிர்காற்று காதில் அடித்தது. வசந்த காலம் என்று பெயர், நான் சால்வையை இறுக்கிக்கொண்டேன்.

மதியம் அராரட். ஏரியோடு சேர்ந்த அலெக்சாண்ட்ரா தோட்டத்தில் விரிப்பு விரித்துச் சாப்பிட்டோம். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு வயதான அம்மாள் எங்கள் டப்பாவைப் பார்த்து, "நல்ல மஞ்சள், வயல் மாதிரியே" என்றார். ஒரு கரண்டி வைத்துக் கொடுத்தேன். வேர்க்கடலையை மட்டும் தனியாக எடுத்து முதலில் ருசித்துவிட்டு, பிறகு முழுவதையும் சாப்பிட்டார்.

அராரட்டில் கும் சான் என்ற சீனர் வரலாற்று மையம் இருக்கிறது. கும் சான் என்றால் தங்க மலை. தங்கம் தேடிக் கப்பலில் வந்த சீனர்கள் ஒவ்வொருவருக்கும் 10 பவுண்டு வரி என்று 1855-இல், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாகாணத்தின் அரசு சட்டம் போட்டது. அதற்குத் தப்ப, கப்பல்கள் அடுத்த மாகாணமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் அவர்களை இறக்கிவிட்டன. அங்கிருந்து நடை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், தோளில் காவடிபோல் இரண்டு பக்கமும் கூடை. 1857-இல் அப்படி நடந்து வந்த ஒரு கூட்டம் வழியில் தங்கிய இடத்தில் தங்கம் கிடைத்தது, அதுதான் இந்த ஊர். நாளை நான் நடக்கப் போகும் நாலு கிலோமீட்டரை எண்ணிக் காலையிலிருந்து கவலைப்பட்டுக்கொண்டு இருந்தேன். அந்தக் கூடைகளைப் பார்த்த பிறகு முழங்கால் வலியைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

மாலை ஹால்ஸ் கேப். இரண்டு மலைவரிசைக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கார்க் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. மழை ஈரத்தில் யூகலிப்டஸ் இலை. எங்கள் பக்கம் அதைக் கற்பூர மரம் என்போம். அப்பா கோத்தகிரியில் தைலம் காய்ச்சும் கொட்டகையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் வீடு முழுக்க இந்த வாசனைதான். அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். முன்பின் தெரியாத ஊரில், கார் நிறுத்தும் இடத்தில், அப்பாவின் சட்டை வாசனை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"அம்மாயி, கங்காரு!" என்று பேத்தி கத்தினாள். ஊர் விளையாட்டு மைதானத்தில் ஐம்பது அறுபது கங்காருக்கள், ஆட்டுமந்தைபோல் புல் மேய்ந்துகொண்டு இருந்தன. யாரும் விரட்டவில்லை, அவையும் யாரையும் பொருட்படுத்தவில்லை.

கேபினில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. அலுவலகம் மூடியிருந்தது. அவசர எண்ணுக்கு அழைத்தால் காலையில் பார்க்கிறோம் என்றார்கள். வெளியே ஆறு டிகிரி. நாலு பேரும் ஒரே அறையில் எல்லாப் போர்வையையும் போட்டுப் படுத்தோம்.

அக்டோபர் 11, புதன்: வீனஸ் பாத்ஸ், பினக்கிள்

காலையில் வெயில் வந்தது. முதலில் ஊரிலிருந்தே கிளம்பும் வீனஸ் பாத்ஸ் பாதை. ஸ்டோனி கிரீக் ஓடையை ஒட்டியே போகிறது. சமதளம், பேத்தி துள்ளிக்கொண்டு போனாள். பாறையில் தண்ணீர் தேய்த்துத் தேய்த்துச் செய்த குளியல் தொட்டிகள்போல் குழிகள். காலை விட்டேன், ஐஸ்.

ஓடையின் இரண்டு கரையிலும் கற்பூர மரங்கள். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் இந்த மரத்துக்குத் தண்ணீர்த் திருடன் என்று பெயர். விறகுக்காக வெள்ளைக்காரர்கள் 1840-களில் நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். புல்வெளியிலும் சோலை ஓரத்திலும் நட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்று என் சிறு வயதில் வருஷம் முழுக்க ஓடியது, மேலே கற்பூரத் தோப்பு வளர வளர வற்றியது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷமும் பிள்ளைகளிடம் இந்த மரத்தைத் திட்டித்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அதே மரம்தான் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்தது. இந்த இரண்டையும் நான் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை.

இங்கே தோப்பு என்று ஒன்றும் இல்லை. ஒரே உயரத்தில், வரிசையில் நிற்கும் மரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு மரம் போலவே தெரிந்தது. ஒன்று கோணலாக, ஒன்று படுத்துக்கிடந்து எழுந்ததாக, ஒன்று பட்டை நார் நாராக, இன்னொன்று பட்டை உரிந்து பாலாடை நிறத்தில். அடியில் புல், புதர், ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள். எங்கள் கற்பூரத் தோப்புக்கு அடியில் காய்ந்த சருகுதான் இருக்கும். யூகலிப்டஸில் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நீலகிரிக்கு வந்த நீலக் கற்பூரத்துக்குச் சொந்த ஊர் டாஸ்மானியாவும் விக்டோரியாவின் தெற்குப் பகுதியும். இங்கே நிற்பவை அதன் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள்.

அப்புறம் வொண்டர்லேண்ட் கார் நிறுத்தத்திலிருந்து பினக்கிள் என்ற மலைமுனைக்கு. போக இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வர அவ்வளவு. கிராண்ட் கேன்யன் என்ற பாறைச் சந்து வழியாக ஏற வேண்டும். இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக மணற்பாறை, வெட்டிய படிகள், இரும்புக் கைப்பிடி. பாதி ஏறியபோது என் வலது ஷூவின் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த, அதிகம் போடாத ஷூ. இரண்டு அடி வைத்தால் நாக்குபோல் மடங்குகிறது. "அத்தை, திரும்பிடலாம்" என்றார் மாப்பிள்ளை.

கீழேயிருந்து பெரிய மூட்டையோடு ஏறி வந்த ஒருவர் நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒன்றும் கேட்காமல் மூட்டையை இறக்கி, தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பாட்டிலைச் சுற்றி சாம்பல் நிறத் துணி டேப் சுற்றி வைத்திருந்தார். நீண்ட நடைப் பயணம் போகிறவர்கள் டேப் உருளையைச் சுமப்பதில்லையாம், இப்படித்தான் சுற்றிக்கொள்வார்களாம். என்னைப் பாறையில் உட்காரவைத்து, மண்டியிட்டு, ஷூவைச் சுற்றி நாலு சுற்று சுற்றி, ஷூவைத் தட்டிப் பார்த்தார். வயதில் மூத்தவர் என் காலைத் தொடுகிறாரே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

வடக்கே மவுண்ட் ஜீரோவில் தொடங்கித் தெற்கே டன்கெல்ட் வரை போகும் கிராம்பியன்ஸ் பீக்ஸ் பாதையில் தனியாக நடந்துகொண்டு இருக்கிறாராம். 164 கிலோமீட்டர், பதிமூன்று நாள் கணக்கு. 2021-இல்தான் முழுப் பாதையும் திறந்தார்கள். என்னிடம் கொடுக்க இருந்தது கடலை மிட்டாய் மட்டும். இரண்டு எடுத்துக்கொண்டு, "இது இன்றைய ராத்திரிக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சைலண்ட் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் பாறைப் பிளவு ஓர் ஆள் நுழையும் அகலம்தான். பேத்தி தன் குரல் திரும்பி வருகிறதா என்று கூவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பினக்கிள் முனையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் கீழே ஹால்ஸ் கேப், தெற்கே பெல்ஃபீல்ட் ஏரி, அதற்கு அப்பால் சமவெளி. டேப் இறங்கும்வரை தாங்கியது.

மாலையில் ஊருக்குள் ஓடையோரப் பூங்காவில் இலவச பார்பிக்யூ. ஒரு பொத்தானை அழுத்தினால் எஃகுத் தட்டு சூடாகிறது, காசு கிடையாது. நாங்கள் தோசை ஊற்றினோம். தட்டு பெரியது, ஒரே நேரத்தில் நாலு தோசை. எங்களுக்கு முன்னால் சமைத்தவர்கள் தட்டைத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். பார்பிக்யூவுக்கு மட்டும் இல்லை, விக்டோரியாவில் தேசியப் பூங்காவுக்குள் போகவும் கட்டணம் இல்லை. ஆனால் கடைக்குள் நுழைந்தால் காபி 5 டாலர், காய்கறி பேஸ்ட்ரி 7 டாலர். ரூபாயில் மனக்கணக்குப் போடாதே என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். முடியவில்லை.

ஹீட்டரைச் சரி செய்துவிட்டார்கள்.

அக்டோபர் 12, வியாழன்: மெக்கென்சி அருவி, சும்ஸ்டைன்ஸ்

காலையிலிருந்து தூறல். ஷூவுக்குப் புதிதாக டேப் வாங்கினோம்.

மெக்கென்சி அருவிக்கு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். செங்குத்தான படிகள், ஈரம். மகள் பேத்தியோடு மேலே காட்சிமுனையில் நின்றுகொண்டாள், நானும் மாப்பிள்ளையும் இறங்கினோம். அகலமான கரும்பாறை முழுக்க வெள்ளையாகத் தண்ணீர் விரிந்து விழுகிறது. மேலே வார்ட்டுக் ஏரியில் 1887-இல் அணை கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து ஹார்ஷம் ஊருக்குத் திறந்துவிடும் தண்ணீர் இந்த ஆறு வழியாகத்தான் போகிறது, அதனால் கோடையிலும் அருவி வற்றுவதில்லை. குளிக்கக் கூடாது என்று பலகை. குற்றாலம் பார்த்த மனசுக்கு, தலையைக் கொடுக்காமல் அருவியைப் பார்த்துவிட்டு வருவது கஷ்டம்தான். சாரலில் முகத்தை மட்டும் காட்டிவிட்டு ஏறினேன். ஏறும்போது இருபது படிக்கு ஒரு முறை நின்றேன். இறங்கி வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒதுங்கி வழிவிட்டு, "இன்னும் கொஞ்சம்தான்" என்றார்கள். எல்லாருமே சொன்னது பொய், நிறையப் படி இருந்தது. ஆனாலும் கேட்க இதமாக இருந்தது.

ஆற்றின் கீழ்ப்பக்கம் சும்ஸ்டைன்ஸ் என்ற பிக்னிக் இடம். வால்டர் சும்ஸ்டைன் என்பவர் தேனீ வளர்க்க இங்கே வந்தவர். இடம் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார், மரங்கள் நட்டார், விடுமுறைக்கு வருகிறவர்களுக்காக 1930-களில் மண்ணை இடித்துச் சுவர் எழுப்பிச் சின்ன வீடுகள் கட்டினார். அந்த மண் வீடுகள் இன்னும் நிற்கின்றன. கை வைத்துப் பார்த்தேன். எங்கள் பாட்டி வீட்டுச் சுவர்போலவே குளிர்ச்சி.

இங்கேதான் விபத்து. மழை விட்ட நேரத்தில் மர மேசையில் சப்பாத்திக்குள் ஆம்லெட் வைத்துச் சுருட்டிப் பேத்தி கையில் கொடுத்தேன். அவள் வாய்க்குக் கொண்டுபோகும்போது பின்னாலிருந்து ஏதோ ஒன்று சத்தமே இல்லாமல் வந்தது. ஆம்லெட் போயிற்று, சப்பாத்தி கையில் இருக்கிறது. குக்கபரா. மீன்கொத்தி இனத்தில் பெரிய பறவை. எதிர்க் கிளையில் உட்கார்ந்து, பிடித்த பாம்பைக் கொல்வதுபோல் ஆம்லெட்டைக் கிளையில் மாறி மாறி அடித்தது. பேத்தியின் விரலில் லேசான கீறல். அவள் அழுதது வலிக்காக இல்லை, "எனக்கு வச்சதை அது ஏன் எடுத்துச்சு" என்பதற்காக. பக்கத்து மேசைக் குடும்பம் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தது. அந்தப் பெண் மருந்து தடவி, டைனோசர் படம் போட்ட பிளாஸ்டர் ஒட்டிவிட்டு, "இங்கே வந்த எல்லாரும் அதற்கு ஒரு சாப்பாடு கொடுத்திருக்கிறோம்" என்றார். மனிதர்கள் ஊட்டி ஊட்டிப் பழக்கியதால்தான் இப்படிப் பிடுங்குகின்றன, அதனால்தான் எங்கே பார்த்தாலும் உணவு போடாதீர்கள் என்ற பலகை. ஊட்டிக் குரங்குகளை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் பிஸ்கட் நீட்டுவது நாம்தான், பிறகு கல் எறிவதும் நாம்தான்.

மரத்தடியில் விரிப்பு போடாதீர்கள் என்றும் சொன்னார்கள். காற்று இல்லாத நாளிலும் இந்த மரங்கள் திடீரென்று பெரிய கிளையை உதிர்த்துவிடுமாம். அப்பாவும் அதையே சொல்வார்: கற்பூரத்துக்குக் கீழே தூங்காதே.

அக்டோபர் 13, வெள்ளி: ஹெதர்லி கல்குவாரி, புஞ்ஜில் குகை, திரும்பல்

கிளம்பும் நாள். ஹால்ஸ் கேப்புக்கு வடக்கே ஹெதர்லி கல்குவாரி. மெல்பர்ன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு இங்கிருந்துதான் மணற்கல் போனது. குட்டையான நடைபாதை, கூட்டமே இல்லை. வெட்டிப் பாதியில் விட்ட கற்கள், துருப்பிடித்த இயந்திரங்கள், பாறையில் உளித் தழும்பு.

நான் அதிக நேரம் நின்றது கல்லுக்காக இல்லை. 2014 ஜனவரியில் இந்த வடக்குப் பகுதி எரிந்தது. மரங்களின் அடிமரம் இன்னும் கரி. அந்தக் கரியைப் பிளந்துகொண்டு அடியிலிருந்து உச்சி வரை, உடம்பெல்லாம் கிளைகள். பட்டைக்கு உள்ளே மொட்டுகள் உறங்கிக்கொண்டு இருக்கும், தீ இலைகளைத் தின்றுவிட்டால் அவை விழித்துத் தண்டெல்லாம் துளிர்விடும். இதை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் ஊரில் வெட்ட வெட்ட அடிக்கட்டையிலிருந்து முளைப்பதைப் பார்த்து, சாகாத சனியன் என்று திட்டியதும் உண்டு. வெட்டுக்கும் கரிக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்கிறது. அந்தப் பதில் இந்த மண்ணுக்காக உண்டானது.

பாதை ஓரத்தில் நீள இலையோடு ஒரு செடி அடர்ந்து கிடந்தது. பூங்காப் பணியாளர் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு அதைப் பிடுங்கிக்கொண்டு இருந்தார். சாலோ வாட்டில். நாங்கள் சீகை என்று சொல்வதன் குடும்பம். இது ஆஸ்திரேலியச் செடிதானே, ஏன் பிடுங்குகிறீர்கள் என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். ஆஸ்திரேலியாதான், ஆனால் இந்த மலை இதன் இடம் இல்லை என்றார் அவர். தீ வந்த பிறகு விதைகள் ஒரே மூச்சில் முளைத்து மற்றதை எல்லாம் மூடிவிட்டதாம். நீலகிரியில் புல்வெளியை மூடிய சீகையைப் பிள்ளைகளோடு பிடுங்கிய சனிக்கிழமைகளைச் சொன்னேன். மகள் மொழிபெயர்க்க, அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைக் குலுக்கினார். "எத்தனை வருஷம்?" என்று கேட்டார். பதினெட்டு என்றேன். "நான் ஆறு" என்றார். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இதுதான்.

மதியம் ஸ்டால் ஊர் பேக்கரியில் வெனிலா ஸ்லைஸ், ஒன்று 6 டாலர். பெட்டிபோல் கஸ்டர்ட், மேலும் கீழும் மொறுமொறு தகடு. நாலு பேருக்கு இரண்டு போதும்.

ஸ்டாலுக்குத் தெற்கே பிளாக் ரேஞ்சில் புஞ்ஜில் குகை. பெரிய உருண்டைப் பாறையின் உள்வளைவில் புஞ்ஜிலும் இரண்டு டிங்கோ நாய்களும். இந்த மண்ணின் பழங்குடிகளுக்கு, நிலத்தையும் உயிர்களையும் மக்களையும் படைத்தவர் புஞ்ஜில். அவரைப் பாறை ஓவியமாக வரைந்த இடம் இது ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. கம்பி வலை போட்டிருக்கிறார்கள், முன்பு கிறுக்கியவர்களால் வந்த வலை. செருப்பைக் கழற்ற வேண்டும்போல் இருந்தது. டேப் சுற்றிய ஷூ கழலாது, அதனால் கை கூப்பினேன். வழியெல்லாம் வேலிகளில் ஆம், இல்லை என்று பலகைகள். முதல் குடிமக்கள் நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல 'குரல்' என்ற அமைப்பு வேண்டுமா என்று நாளை நாடு முழுக்க வாக்கெடுப்பு. மாப்பிள்ளை போன வாரமே போட்டுவிட்டார்.

அங்கிருந்து திரும்பும்போது போனில் சிக்னல் வந்தது. கோத்தகிரியில் காலை பத்தரை. அண்ணனைக் கூப்பிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கற்பூரத்தை வெட்டிவிட்டு, நாவல், விக்கி மரக்கன்றுகள் வைத்தவர் அவர். ஊற்று இன்னும் திரும்பவில்லை, மழைக்காலத்தில் மட்டும் மண் ஈரமாக இருக்கும். அப்பா வாசனையைச் சொன்னேன், குக்கபராவைச் சொன்னேன், கரியில் முளைத்த கிளைகளைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அந்த மரம் நிக்கிற இடத்துல ஓடையில தண்ணி இருக்கா?"

"இருக்குண்ணா. வேரை ஒட்டியே ஓடுது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "போட்டோ இருந்தா அனுப்பு" என்றார். வீனஸ் பாத்ஸில் பேத்தி தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பினேன். பின்னால் மரம் நன்றாகத் தெரியும்.